இடிந்த தலைநகரில் ஒரு நாள்

இணுவிலில் வாழும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றுக்குச் சென்ற விடுமுறையில் கனடாவிலிருந்து உறவினர் வந்திருந்தனர். பிள்ளைகள் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்துக்கு முன்னொரு காலத்தில் அரசன் இருந்தான் என்று யாரோ சொல்லக் கேட்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, அந்த அரசன் இருந்த ஊரைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று பிடிவாதம் பிடித்தாள். வீட்டார் என்னையும் உடன்வரும்படி கேட்டனர். அயல் வீட்டிலிருக்கும் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். அவர் சைவப் பெரியவர். ஊரார் அவரை மாஸ்டர் என்றே அழைப்பர். ஒரு வானில் எட்டுப்பேர் காலையிலேயே புறப்பட்டோம்.

புறப்படு முன்பே மாஸ்டர் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். "அரசன்ரை ஊரைப் பார்க்க நல்லூருக்குப் போக முந்தி, எங்கட ஊரிலையே அரசன்ரை பேர் இருக்கு, பிள்ளையள்" என்றார். உண்மைதான். இணுவிலில் பரராசசேகரப் பிள்ளையார் கோயில் ஒன்று உண்டு. செகராசசேகரப் பிள்ளையார் கோயிலும் உண்டு. பரராசசேகரன், செகராசசேகரன் என்பவை யாழ்ப்பாணத்து மன்னர்கள் முடிசூடும்போது மாறிமாறித் தரித்துக்கொண்ட பட்டப்பெயர்கள். முடி போய் நானூறு ஆண்டுகள் கடந்தும் பெயர் பிள்ளையாரிடம் பத்திரமாக இருக்கிறது.

கோண்டாவில், திருநெல்வேலி வழியாக நல்லூர் சேர அதிக நேரம் செல்லவில்லை. நல்லூர் ஒரு சிறிய தலைநகர். உரோமாபுரியையோ டெல்லியையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்துபோவார். பார்க்க வேண்டியவற்றை எல்லாம் நடந்தே ஒரு முற்பகலில் பார்த்துவிடலாம். பருத்தித்துறை வீதியோரத்தில் சங்கிலித்தோப்பு வளைவு நிற்கிறது. சற்றுத் தூரத்தில் மந்திரிமனை சிதைந்து கிடக்கிறது. இவை இரண்டும் இன்று காணும் வடிவில் அரசர் காலத்தவை அல்ல, பிற்காலத்தில் எழுந்தவை என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்லுவர். ஆயினும் அரண்மனை வளவு இதுவே என்ற நினைவு மக்களிடம் அழியவில்லை. யமுனா ஏரி என்னும் கேணி 'ப' வடிவில் அமைந்தது. யமுனை நதியின் தீர்த்தத்தைக் காவடிகளில் கொண்டுவந்து அரசன் இதில் சேர்த்தான் என்று பழைய வரலாறு கூறும். நகரைக் காக்கத் திசைக்கொன்றாக, வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயப் பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன் என நான்கு கோயில்கள் இருந்தன என்றும் அதே வரலாறு கூறும். மாஸ்டர் நான்கு திசையையும் கைநீட்டிக் காட்டினார். பிள்ளைகள் நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு கேள்வியும் ஒரு தப்பித்தலும்

கடைசியாக முத்திரைச் சந்திக்கு வந்தோம். சங்கிலியனின் சிலை வாளேந்திக் குதிரைமேல் நிற்கிறது. அருகே அங்கிலிக்கன் சபையாரின் பரிசுத்த யாக்கோபு ஆலயம். "முந்தின கந்தசுவாமி கோயில் இந்த இடத்திலைதான் இருந்தது எண்டு சொல்லுவினம்" என்றார் மாஸ்டர்.

சிறுமி என் முகத்தைப் பார்த்தாள். "சுவாமி, அந்தக் கோயிலை ஆர் இடிச்சது?"

அவளுடைய தாயார் முகம் சுருங்கிற்று. நான் சொன்ன மறுமொழி இதுதான்: "அது அந்தக் காலத்துச் சண்டையிலை, பிள்ளை." சொல்லிவிட்டு ஐஸ்கிறீம் குடிக்கப் போவோமா என்றும் கேட்டேன். பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். மாஸ்டர் வீதியின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு மறுமொழி தெரியும். நாற்பது ஆண்டுகள் சரித்திரம் படிப்பித்தவருக்குத் தெரியாதா? ஒரு குருவானவரைப் பிள்ளைகள் முன் சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதையினால் அதை விழுங்கிக்கொண்டார்.

அன்றிரவு செபமாலை சொல்லி முடித்த பின்னும் எனக்கு நித்திரை வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மனச்சான்றைப் பற்றிப் படிப்பிக்கிற நான், என் மனச்சான்றின் முன் அகப்பட்டுக்கொண்டேன். அன்பான வாசகர்களே, இந்தக் கட்டுரை அந்தச் சிறுமிக்கு நான் அன்று கொடுக்காத மறுமொழி.

நடந்தது என்ன?

முதலில் எம்முடைய காயத்தைச் சொல்லுவோம். புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவர் மன்னாரில் எளிய மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1544ஆம் ஆண்டில் நல்லூரில் அரசாண்ட முதலாம் சங்கிலி தன் படையுடன் அங்கே சென்றான். விசுவாசத்தை விடமாட்டோம் என்ற அறுநூறு பேரளவில் கொல்லப்பட்டார்கள். மன்னார் வேதசாட்சிகள் என்று நாம் வணங்குவது அவர்களையே. தோட்டவெளியிலுள்ள ஆலயம் இன்றும் அவர்களை நினைவுகூருகிறது. போர்த்துக்கேயரின் கை தன் நாட்டுக்குள் நீளுகிறது என்று அரசன் அஞ்சினான்; அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் காரணம் இருந்ததனால் குற்றம் குற்றமல்லாமல் போய்விடுமா?

இனி மற்றைக் காயத்தையும் சொல்லவேண்டும். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூர்மீது படையெடுத்தனர். அந்த ஆண்டு மன்னார்த் தீவு அவர்கள் கைக்குச் சென்றது. 1591இல் மீண்டும் வந்து அரசனைக் கொன்று தமக்கு இணங்கிய ஒருவரை முடிசூட்டினர். 1619இல் பிலிப்பே டி ஒலிவேரா என்னும் தளபதி கடைசி அரசனைச் சிறைப்பிடித்தான். அவனுடைய பெயரும் சங்கிலி. ஆனால் இவன் மன்னாரில் இரத்தம் சிந்தியவன் அல்லன். முக்கால் நூற்றாண்டு பிந்தியவன். அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய் 1623இல் கொன்றனர். சாகுமுன் அவன் திருமுழுக்குப் பெற்றான் என்று போர்த்துக்கேய ஆசிரியர் எழுதிவைத்தனர். 1621இல் அதே ஒலிவேரா நல்லூர்ப் பெருங்கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினான். அதன் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போயின என்று நம்மூரில் பரம்பரையாகச் சொல்லுவர். தலைநகரும் நல்லூரைவிட்டுக் கடற்கரையோரப் பட்டினத்துக்கு மாறிற்று. இடித்தவர்கள் சிலுவைக் கொடியின் கீழ் நின்றவர்கள். நம்முடைய செபங்களையே சொன்னவர்கள். குழந்தாய், அந்தக் கோயிலை இடித்தவர்கள் கத்தோலிக்கர்.

மூன்று சாட்டுகள்

இதைச் சொல்லாமல் விடுவதற்கு நம்மிடம் மூன்று சாட்டுகள் உண்டு. மூன்றையும் அன்றிரவு நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன்.

முதலாவது சாட்டு: "அது போர்த்துக்கேயர் செய்தது, திருச்சபை செய்ததல்ல." பாதி உண்மை. நிலத்துக்கும் வியாபாரத்துக்குமாக வந்தவர்கள் நிலத்துக்காகவும் வியாபாரத்துக்காகவும் இடித்தார்கள். ஆனால் பழைய வழிபாட்டிடங்கள் போன பின் நாட்டில் எழுந்த ஆலயங்களை நம் ஆலயங்கள் என்றே கணக்கில் எழுதினோம். நன்மை வரும்போது "எங்கள் முன்னோர்" என்றும், தீமை வரும்போது "அந்த வெள்ளைக்காரர்" என்றும் சொல்வது நேர்மையான கணக்கல்ல.

இரண்டாவது சாட்டு: "அவன் எங்களவரைக் கொன்றான், அதற்கு இது சரியாய்ப் போயிற்று." இது மிகவும் அபாயமான சாட்டு. மன்னாரின் வேதசாட்சிகள் பழிவாங்கும்படி கேட்டு மரிக்கவில்லை. சிலுவையில் தம்மைக் கொன்றவர்களுக்காக மன்றாடிய ஆண்டவரின் பேரால் மரித்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு கல்லைப் பெயர்த்தாலும் அவர்களுடைய மரணத்தையே நாம் சிறுமைப்படுத்துகிறோம். அன்றியும், 1544இல் வாளெடுத்தவன் ஓர் அரசன். 1621இல் கோயிலை இழந்தவர்கள் அதில் விளக்கேற்றிய கிழவிகளும் நேர்த்தி வைத்த தாய்மாரும். ஒருவன் பட்ட கடனை வேறொருவனிடம் அறவிடுவது நீதியாகுமா? இரண்டு சங்கிலிகளையும் ஒருவனாக எண்ணி அந்தச் சிலையை முகஞ்சுளித்துப் பார்க்கிற கத்தோலிக்கர் நம்மிடையே இன்றும் உண்டு. பழி எப்போதும் ஆள்மாறியே விழும் என்பதற்கு இதுவே சாட்சி.

மூன்றாவது சாட்டு: "நானூறு வருடத்துப் பழைய கதை, இப்போது எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம், ஏன் கிளற வேண்டும்?" இது சமாதானம்போல் தோன்றும். ஆனால் அன்று முத்திரைச் சந்தியில் இந்த ஒற்றுமையின் விலையைக் கொடுத்தவர் யார்? மாஸ்டர்தானே! காயப்பட்ட பக்கத்தின் மௌனத்தில் தங்கியிருக்கும் ஒற்றுமை அவர்களுடைய பெருந்தன்மை. அதில் நமக்குப் பெருமையில்லை.

முதுசமும் கடனும்

அப்படியானால் நாம் குற்றவாளிகளா? 1621இல் நடந்ததற்கு இன்று இணுவிலில் வாழும் ஒரு கத்தோலிக்கத் தாய் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா? இல்லை. தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை, ஒவ்வொருவனும் தன் செயலுக்கே தீர்ப்படைகிறான் என்பதை எசேக்கியேல் தீர்க்கதரிசி தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லுகிறார். பாவம் மனத்தின் சம்மதத்தால் உண்டாவது. பிறக்காதவன் சம்மதிக்க முடியாது.

ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. இதை விளக்க நம்முடைய தேசவழமையே போதும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த அந்தச் சட்டத்தில், பெற்றோரின் முதுசத்தை ஏற்கும் ஆண்மக்கள் பெற்றோர் பட்ட கடனையும் தீர்க்க வேண்டும் என்ற வழக்கம் குறிக்கப்பட்டிருக்கிறது. கடன்பட்டவன் தகப்பன். மகன் கையொப்பம் வைக்கவில்லை. அவனைக் குற்றவாளி என்று யாரும் சொல்லுவதுமில்லை. ஆனால் வளவை எடுத்துக்கொண்டு கடனை மறுக்கிறவனை ஊர் மதிக்குமா?

விசுவாசம் நமது முதுசம். அதை நமக்குத் தந்தவர்களுள் வேதசாட்சிகள் உண்டு. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த பின், 1687இல் மாறுவேடத்தில் இங்கே வந்து, இரவில் வீடு வீடாகச் சென்று பூசை நிறைவேற்றிய புனித யோசவ்வாஸ் முனிவர் உண்டு. அதே முதுச உறுதியில், வேறொரு பக்கத்தில், நல்லூர்க் கோயிலின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. முதுசத்தை ஏற்றால் அந்தப் பக்கத்தையும் ஏற்க வேண்டும். இடிந்ததைத் திருப்பிக் கட்டுவது நம் கடனல்ல; சைவப் பெருமக்கள் 1734இல் குருக்கள்வளவில் தாமே கட்டிவிட்டார்கள். நம்மிடம் மீந்திருக்கும் கடன் ஒன்றே: உண்மையைச் சொல்லுவது. கேட்கப்படும்போது, நம் வாயினாலேயே, நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவது.

இது என் சொந்தப் போதனையல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உரோமையில், திருச்சபையின் மக்கள் பிற இனத்தவரின் பண்பாடுகளுக்கும் சமயங்களுக்கும் எதிராகச் செய்த பாவங்களுக்காக உலகறிய இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். திருத்தந்தைக்கு வெட்கமில்லாதது எனக்கு ஏன் வெட்கமாயிற்று? நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. மானிப்பாயில் 1875இல் பிறந்து, நல்லூரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1947இல் காலமான சுவாமி ஞானப்பிரகாசர் அமலமரித் தியாகிகள் சபைக் குரு. அவர் 1928இல் வெளியிட்ட 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' இந்தச் சிறிய இராச்சியத்தின் வரலாற்றை ஆராய்கிற நூல். குருவானவர் ஒருவர் நல்லூரின் கதையை விட்டு ஒதுங்கிப் போகத் தேவையில்லை என்பதற்கு அவருடைய வாழ்க்கையே போதும்.

நம் இடிபாடுகளைப் பிறர் பார்க்கையில்

இன்னொரு கோணத்திலும் இதை எண்ணிப் பாருங்கள். 1981 யூன் மாதத் தொடக்கத்தில் நமது பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் நமது மறைமாவட்டத்தின் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். 1995 யூலை 9ஆம் திகதி நவாலியில் சென் பீற்றர்ஸ் ஆலயத்திலும் அருகிலிருந்த முருகன் ஆலயத்திலும் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று குண்டு கோவிலென்றும் கோயிலென்றும் பேதம் பார்க்கவில்லை.

2009இல் போர் முடிந்தபின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனங்கள் ஊர் பார்க்க வந்தார்கள். புதுப்பிக்கப்பட்ட நூலகத்தின் முன் நின்று படமெடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுள் ஒருவனாவது, "அப்பா, இதை யார் எரித்தது?" என்று கேட்டிருப்பான். அந்தத் தகப்பன் என்ன மறுமொழி சொல்லியிருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்? "அது அந்தக் காலத்துச் சண்டையிலை, மகன்" என்று சொல்லி ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்திருந்தால் நம் நெஞ்சு ஆறுமா? பிறர் நமக்கு எதைச் செய்ய வேண்டுமென விரும்புகிறோமோ அதையே நாமும் பிறருக்குச் செய்யவேண்டும் என்ற ஆண்டவரின் கட்டளை, ஊர் பார்க்கப் போகிறவனுக்கும் உரியது.

இயேசுநாதரும் ஒரு சிறிய தலைநகரைப் பார்த்தார். சீடர்கள் நாட்டுப்புறத்தவர், அவர்களுள் ஒருவர் எருசலேம் தேவாலயத்தின் பெரிய கற்களைக் கண்டு வியந்து அவருக்குக் காட்டினார் என்று மாற்கு எழுதுகிறார். அவரோ அந்நகரை நோக்கிக் கண்ணீர் விட்டார் என்று லூக்காஸ் எழுதுகிறார். தீர்க்கதரிசிகளின் கல்லறைகளை அலங்கரித்துக்கொண்டு, நம் முன்னோரின் நாளில் நாம் இருந்திருந்தால் அந்த இரத்தப்பழியில் பங்குகொண்டிருக்கமாட்டோம் என்று பேசியவர்களை அவர் கடிந்ததை மத்தேயு எழுதுகிறார். மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஊர் பார்க்கும் முறை நமக்கு விளங்கும். கல்லை வியக்கலாம், தவறில்லை. அந்தக் கல் யாருடைய கண்ணீரில் நனைந்தது என்றும் கேட்க வேண்டும். "நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன்" என்று மாத்திரம் இலேசாகச் சொல்லிவிடக் கூடாது.

மறுமொழி

உறவினர் கனடா திரும்ப இரண்டு நாட்கள் இருக்கையில் மறுபடியும் இணுவிலுக்குச் சென்றேன். மாஸ்டரையும் வரச்சொன்னேன். முற்றத்தில் மாமரத்தின் கீழ் கதிரைகள் போட்டிருந்தார்கள். சிறுமியைக் கூப்பிட்டு, "நீ கேட்ட கேள்விக்கு அண்டைக்கு நான் சரியான மறுமொழி சொல்லேல்லை, பிள்ளை" என்று தொடங்கி, மேலே எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். மன்னாரையும் சொன்னேன், நல்லூரையும் சொன்னேன். இடித்தது நம் சமயத்தவர் என்பதை மாஸ்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் சற்று யோசித்தாள். "அப்ப மாஸ்டர் தாத்தாக்குக் கோவம் இல்லையோ?" என்று கேட்டாள்.

மாஸ்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சுவாமி, நானும் ஒண்டு சொல்ல வேணும். நாற்பது வருசம் சங்கிலியனைப் படிப்பிச்சனான். வீரம் எல்லாம் சொன்னனான். மன்னார்ச் சனத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. பாடத்திலை இல்லையெண்டு விட்டிட்டன்."

இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். முத்திரைச் சந்தியில் இருந்த மௌனம்போல் அது பாரமாக இருக்கவில்லை. வீட்டுக்காரப் பிள்ளை தேநீர் கொண்டுவந்தாள்.

அன்பான பெற்றோரே, விடுமுறை வரும், உறவினர் வருவர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நல்லூருக்கும் கோட்டைக்கும் மன்னாருக்கும் போவீர்கள். போங்கள். நன்றாகச் சுற்றிக் காட்டுங்கள். ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் மட்டும் உடனே மறுமொழி சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். தெரிந்திருந்தால், அது நம்மவருக்கு நோகிற உண்மையானாலும் ஒளிக்காதீர்கள். கடனைத் தீர்த்த முதுசமே பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போகக்கூடிய நல்ல முதுசம்.